வயிற்று வலி என்று சொல்லிவிடலாமா?

2023 டிசம்பர், கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம். ஆஸ்திரேலியாவின் பொது ஒலிபரப்பு நிறுவனமான ஏபிசியின் தலைவர் ஈட்டா பட்ரோஸ் தன் உயரதிகாரிகளுக்கு ஒரு மின்னஞ்சல் போடுகிறார். சிட்னி வானொலியில் தற்காலிகமாக வந்திருக்கும் ஒரு தொகுப்பாளரைப் பற்றிப் புகார் மேல் புகார் வந்துகொண்டிருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு ஒரு ஃப்ளூ வரக்கூடாதா? கோவிட்? வயிற்றுக்கோளாறு? அவருக்கு நாம் ஒன்றும் கடன்பட்டிருக்கவில்லையே. மின்னஞ்சலின் சாரம் இவ்வளவுதான்.

எட்டாம் வகுப்பில் நாம் எழுதிய லீவ் லெட்டரை ஒரு நிறுவனத்தின் தலைவர் ஊழியருக்காக எழுதப் பார்த்திருக்கிறார். பட்ரோஸ் சாதாரண ஆளில்லை. 1972-இல் ‘கிளியோ’ இதழைத் தொடங்கிய ஆசிரியர், அந்த நாட்டுப் பத்திரிகை உலகில் பெரிய பெயர். பின்னாளில் நீதிமன்றத்தில் இதைப் பற்றிக் கேட்டபோது, அந்தப் பெண் முகம் கெடாமல் வெளியேற வழி செய்யத்தான் அப்படி யோசித்தேன் என்று சொன்னார். நம்பலாம். நல்ல மனதோடுதான் எழுதியிருப்பார் என்றே வைத்துக்கொள்வோம். எனக்கு அந்த மின்னஞ்சலில் உறுத்துவது வேறு. ஒருவரை அனுப்ப வேண்டும் என்று முடிவாகிவிட்டது, காரணம் மட்டும் கிடைக்கவில்லை.

அந்தப் பெண் ஆன்டோனெட் லட்டூஃப். லெபனான் வம்சாவளி ஆஸ்திரேலியர், பத்திரிகையாளர். காலை நிகழ்ச்சித் தொகுப்பாளர் விடுமுறையில் போனதால், திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து நாள் மட்டும் அந்த இடத்தில் உட்கார வந்தவர். பண்டிகை வாரம், லேசான நிகழ்ச்சி, நேயர் அழைப்புகள், பாட்டு. திங்கட்கிழமையே புகார் மின்னஞ்சல்கள் வரத் தொடங்கின. அவர் வானொலியில் பேசியது பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. காஸாப் போரைப் பற்றி அவர் முன்பு எழுதியதும் சொன்னதும்தான் புகார். இஸ்ரேலுக்கு ஆதரவான வழக்கறிஞர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் யார் யாருக்கு எழுதுவது என்று பேசிவைத்து அனுப்பியிருக்கிறார்கள் என்பது அடுத்த மாதமே பத்திரிகைகளில் வந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை லட்டூஃப் தன் இன்ஸ்டாகிராமில் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பின் ஒரு பதிவைப் பகிர்ந்தார். காஸாவில் பட்டினி போர் ஆயுதமாகப் பயன்படுத்தப்படுகிறது என்று அந்த அமைப்பு சொன்னதைப் பற்றிய பதிவு. அதே அறிக்கையை ஏபிசியும் செய்தியாக வெளியிட்டிருந்தது. புதன்கிழமை நிகழ்ச்சி முடிந்ததும், நாளை முதல் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நிறுவனம் செய்தியாகச் சொன்ன விஷயத்தை நிறுவனத்தின் ஊழியர் தன் பக்கத்தில் பகிர்ந்தது குற்றமாகிவிட்டது.

வழக்கு நடந்தது. ஏபிசி வைத்த வாதங்களில் ஒன்று, ஐந்து நாள் சம்பளத்தையும் முழுதாகக் கொடுத்துவிட்டோமே, பிறகு இது எப்படி வேலை நீக்கம் ஆகும் என்பது. இன்னொரு கட்டத்தில், லெபனானியர், அரபியர் என்றொரு இனம் இருப்பதை லட்டூஃப் நிரூபிக்கவில்லை என்றுகூட அவர்கள் தரப்பு வாதம் போனது. ஊரே கொதித்ததும் அதைக் கைவிட்டார்கள். 85,000 ஆஸ்திரேலிய டாலருக்குச் சமாதானமாகப் போய்விடலாம் என்று லட்டூஃப் தரப்பு கேட்டது. நிறுவனம் மறுத்துவிட்டது. 2025 ஜூன் 25 அன்று கூட்டாட்சி நீதிமன்ற நீதிபதி டாரில் ரங்கையா தீர்ப்புச் சொன்னார். இனப் பாகுபாடு என்ற குற்றச்சாட்டு நிற்கவில்லை. ஆனால் அரசியல் கருத்துக்காக வேலையிலிருந்து நீக்கியது சட்டவிரோதம். 70,000 டாலர் இழப்பீடு. செப்டம்பரில் தனியாக 150,000 டாலர் அபராதம். வழக்குச் செலவோடு சேர்த்தால் இருபது லட்சம் டாலருக்கு மேல் பொதுப்பணம் போயிற்று. மிச்சமிருந்த இரண்டு நாள் வானொலி நிகழ்ச்சிக்காக.

இந்த வழக்கை நான் விடாமல் பின்தொடர்ந்ததற்குக் காரணம் உண்டு. பத்திரிகை வேலை, அரசியல் சாய்வு, கருத்துச் சுதந்திரம் என்ற மூன்றும் ஒன்றாக வரும் எந்தச் சண்டையிலும் நான் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: எந்தச் செய்தி? சாய்வு இருக்கிறது என்கிறீர்கள், சரி. இவர் எழுதியதில், பேசியதில், எடிட் செய்ததில் எது தப்பு? எடுத்து மேசையில் போடுங்கள், பார்ப்போம். பெரும்பாலான விவகாரங்களில் மேசை காலியாகத்தான் கிடக்கிறது.

2021 மே மாதம் அமெரிக்காவில் அசோசியேட்டட் பிரஸ் நிறுவனம் எமிலி வைல்டர் என்ற 22 வயதுப் பெண்ணை நீக்கியது. அரிசோனாவில் வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. ஸ்டான்ஃபோர்டில் படித்தபோது அவர் எழுதிய பாலஸ்தீன ஆதரவுப் பதிவுகளை அங்கிருந்த குடியரசுக் கட்சி மாணவர் அமைப்பு தோண்டி வெளியில் போட்டது, வலதுசாரி ஊடகங்கள் ஊதிப் பெருக்கின. நிறுவனமோ, சேர்ந்த பிறகு சமூக ஊடக விதியை மீறினார் என்று மட்டும் சொன்னது. எந்தப் பதிவு என்று தனக்குச் சொல்லவே இல்லை என்றார் அவர். அங்கே வேலை பார்த்த நூறு பேருக்கு மேல் கையெழுத்திட்டுக் கேள்வி கேட்டார்கள். அரிசோனாச் செய்திகளில் அவர் என்ன சாய்வு காட்டினார் என்று கடைசிவரை எவரும் சொல்லவில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு, “சரிதான், இடதுசாரிகளுக்கு மட்டும் வக்காலத்து வாங்குகிறார்” என்று சிலர் கமெண்டில் வருவீர்கள். பொறுங்கள், அந்தப் பக்கத்துக்கும் வருகிறேன்.

ஹுவான் வில்லியம்ஸ் அமெரிக்கப் பொது வானொலியான என்பிஆரில் 1999 முதல் இருந்தவர். ஃபாக்ஸ் நியூஸிலும் போய்ப் பேசுவார். அதுவே என்பிஆருக்குப் பல நாள் எரிச்சல். 2010 அக்டோபரில் பில் ஓரைலியின் நிகழ்ச்சியில் உட்கார்ந்து, விமானத்தில் முஸ்லிம் உடையில் ஆட்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது, படபடப்பு வருகிறது என்று சொல்லிவிட்டார். கேட்கச் சகிக்காத பேச்சுதான். ஆனால் அதே உரையாடலில், எல்லா முஸ்லிம்களையும் ஒரே தட்டில் வைக்காதே, ஓக்லஹோமாவில் குண்டு வைத்த டிமத்தி மெக்வேயைச் சொல்லி எல்லாக் கிறிஸ்தவர்களையும் யாராவது சேர்த்துப் பேசுகிறார்களா என்று ஓரைலியை மடக்கவும் செய்தார். இரண்டாம் நாள் தொலைபேசியிலேயே வேலை போயிற்று. நேரில் வந்து பேசலாமா என்று கேட்டதற்கு, தேவையில்லை என்று பதில். தலைமை அதிகாரி விவியன் ஷில்லர், அந்த உணர்வையெல்லாம் அவர் தன் மனநல மருத்துவரோடு வைத்துக்கொள்ளட்டும் என்ற தொனியில் ஏதோ சொல்லி, பிறகு மன்னிப்புக் கேட்டார். ஃபாக்ஸ் உடனே மூன்று வருடத்துக்கு ஏறக்குறைய 20 லட்சம் டாலர் ஒப்பந்தத்தை நீட்டியது. வில்லியம்ஸை நீக்கிய செய்திப் பிரிவுத் தலைவர் எலன் வைஸ் ஜனவரியில் பதவி விலகினார். மார்ச்சில் ஷில்லரும் வேறொரு ரகசிய வீடியோ சர்ச்சையில் போனார். அதே மார்ச்சில் பிரதிநிதிகள் சபை என்பிஆருக்குக் கூட்டாட்சி நிதியே போகக்கூடாது என்று 228-க்கு 192 என்ற கணக்கில் வாக்களித்தது. செனட்டில் அது நகரவில்லை.

வில்லியம்ஸ் சொன்னதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனாலும் அதே கேள்வி: என்பிஆருக்காக அவர் செய்த எந்த அலசலில் முஸ்லிம்களுக்கு எதிரான சாய்வு இருந்தது? யாரும் எடுத்துக் காட்டவில்லை.

பதினாலு வருடம் கழித்து அதே வானொலியில் யூரி பெர்லினர். பொருளாதாரச் செய்திகளின் மூத்த ஆசிரியர், 25 வருட சர்வீஸ். 2024 ஏப்ரலில் ‘தி ஃப்ரீ பிரஸ்’ தளத்தில் நீண்ட கட்டுரை எழுதி, என் நிறுவனம் ஒருபக்கமாகச் சாய்ந்துவிட்டது என்றார். அனுமதி வாங்காமல் வெளியில் எழுதியதற்காக ஐந்து நாள் சம்பளமில்லாத இடைநீக்கம். சில நாளில் அவரே ராஜினாமா செய்துவிட்டார்.

அவர் கட்டுரையில் இரண்டு வகைச் சரக்கு இருந்தது. ஒன்று, வாஷிங்டன் ஆசிரியர் குழுவில் வாக்காளர் பட்டியலைப் பார்த்தேன், ஜனநாயகக் கட்சிக்காரர் 87 பேர், குடியரசுக் கட்சிக்காரர் ஒருவர்கூட இல்லை என்ற கணக்கு. எல்லோரும் எடுத்துப் பேசியது இதைத்தான். நான் எந்தக் கட்சியிலும் பதியாதவன், என்னை எந்தக் கணக்கில் சேர்த்தீர்கள் என்று அங்கேயே தொகுப்பாளராக இருக்கும் ஸ்டீவ் இன்ஸ்கீப் பதிலுக்குக் கேட்டார். இரண்டாவது வகைச் சரக்குதான் முக்கியம். டிரம்ப்–ரஷ்யா விவகாரத்தை எப்படித் துரத்தினோம், அது சுருங்கியபோது எப்படி அமைதியானோம், ஹன்டர் பைடன் மடிக்கணினியை ஏன் ஒதுக்கினோம், கோவிட் ஆய்வகத்திலிருந்து வந்திருக்கலாம் என்ற கருதுகோளை ஏன் தள்ளினோம் என்று செய்தி செய்தியாகச் சொன்னார். அவர் சொன்னதெல்லாம் சரியென்று நான் சொல்லவில்லை. ஆனால் மேசை மேல் எதையோ எடுத்து வைத்த மனிதர் அவர். அவரோடு சண்டை போடுவதென்றால் அந்தச் செய்திகளை வைத்துப் போடலாம். 87 என்ற எண்ணை வைத்துப் போட முடியாது. வாக்காளர் பட்டியலில் உள்ள கட்சியைப் பார்த்து ஆளை எடை போடுவதும் பழைய இன்ஸ்டா பதிவைப் பார்த்து எடை போடுவதும் எனக்கு ஒன்றுதான்.

கொஞ்சம் சொந்தக் கதை. ஒரு நாளிதழின் டெஸ்க்கில் சில வருடம் குப்பை கொட்டியவன் நான். நிறுவனத்தின் பெயர் எதற்கு, விடுங்கள். அங்கே எனக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்த அண்ணன் பச்சையான கட்சிக்காரர். டீக்கடையில் நின்றால் மேடைப் பேச்சுதான். ஆனால் செய்திப் பிரதியைக் கையில் எடுத்தால் எதிர்க்கட்சித் தலைவரின் அறிக்கையில் ஒரு வரி விடமாட்டார். “அவன் சொன்னதை ஒழுங்கா போட்டாதானேடா நாளைக்கு அவனைத் திட்ட முடியும்” என்பார். எந்தக் கட்சியும் சாராதவர் என்று பெயரெடுத்த இன்னொருவர் இருந்தார். ஃபேஸ்புக் கணக்கே கிடையாது. ராத்திரி ஒன்பது மணிக்கு மேலிடத்திலிருந்து போன் வந்தால், லீடாகப் போகவேண்டியது ஏழாம் பக்கத்தில் சிங்கிள் காலம் ஆகும். எட்டு பத்தித் தலைப்பு நாலு பத்தி ஆகும், படம் காணாமல் போகும். எந்த நெறிமுறைக் கையேட்டை எடுத்துக்கொண்டு வந்து பார்த்தாலும் இரண்டாவது ஆள்தான் நடுநிலையாளர்.

சாய்வு நடப்பது பெரும்பாலும் இப்படித்தான். பக்கம், இடம், அளவு, எந்தச் செய்தியை நாளைக்கு என்று தள்ளுவது, விளம்பரப் பிரிவிலிருந்து யார் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள் என்பது. இதைப் பிடிக்க உழைப்பு வேண்டும், பழைய பக்கங்களைப் புரட்ட வேண்டும். ஊழியரின் சுயவிவரப் பக்கத்தைப் பிடிக்க ஒரு ஸ்கிரீன்ஷாட் போதும். நிர்வாகம் சுலபமானதைச் செய்கிறது.

அதிலும் யாரைப் பிடிக்கிறார்கள் என்று பாருங்கள். 2023 மார்ச்சில் பிபிசி, கால்பந்து நிகழ்ச்சித் தொகுப்பாளர் கேரி லினெக்கரை ஒரு ட்வீட்டுக்காக ஒதுங்கச் சொன்னது. அகதிகள் பற்றி அரசு பேசும் மொழி 1930-களின் ஜெர்மனியை நினைவூட்டுகிறது என்று எழுதியிருந்தார். இயான் ரைட், ஆலன் ஷியரர் எல்லாம் நாங்களும் வரமாட்டோம் என்றார்கள். அந்தச் சனிக்கிழமை ‘மேட்ச் ஆஃப் தி டே’ வர்ணனையும் தொகுப்பாளரும் இல்லாமல் 20 நிமிடத்தில் முடிந்தது. சில நாளில் லினெக்கர் திரும்ப வந்தார். பிபிசியிலேயே அதிகச் சம்பளம் வாங்கியவர் அவர். ஐந்து நாள் ஒப்பந்தக்காரருக்கும் மூன்று வார ரிப்போர்ட்டருக்கும் துணையாக நிகழ்ச்சியை நிறுத்த யார் வருவார்கள்?

நியாயமாக எதிர்த் தரப்பையும் சொல்ல வேண்டும். வாஷிங்டன் மாநிலத்து டகோமா நகரில் ‘நியூஸ் டிரிபியூன்’ என்ற நாளிதழ். அங்கே கல்விச் செய்தியாளராக இருந்த சாண்டி நெல்சன், ஓரினச் சேர்க்கையாளர் உரிமைக்காக நகரில் நடந்த வாக்கெடுப்புப் பிரச்சாரத்தில் வேலை செய்தார். 1990-இல் அவரை ரிப்போர்ட்டிங்கிலிருந்து தூக்கி இரவு நேர டெஸ்க்கில் போட்டார்கள். அரசியல் செயல்பாட்டுக்காக ஊழியர் மீது பாகுபாடு காட்டக்கூடாது என்று அந்த மாநிலத்தில் பிறகு ஒரு சட்டமே வந்தது. அதை வைத்து வழக்குப் போட்டார். 1997-இல் மாநில உச்ச நீதிமன்றம், சட்டம் அப்படித்தான் சொல்கிறது, ஆனால் பத்திரிகைக்கு அது செல்லாது என்றது. யாரை வைத்துச் செய்தி எழுதுவது என்பது பத்திரிகையின் ஆசிரியச் சுதந்திரம், அதில் அரசு தலையிட்டால் அரசியல் சாசனத்தின் முதல் திருத்தத்துக்கு முரண். பத்திரிகைச் சுதந்திரம் இருக்கிறது அம்மா, ஆனால் அது உன்னுடையது அல்ல, உன் முதலாளியுடையது. நீதிமன்றம் இந்த வார்த்தைகளில் சொல்லவில்லை, அர்த்தம் அதுதான். அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த வழக்கை எடுக்கவே இல்லை.

கோபம் வந்தாலும் அந்தத் தீர்ப்பை முழுதாகத் தள்ள எனக்கு மனம் வரவில்லை. தேர்தலில் நிற்கும் ஒருவர் அதே தொகுதிச் செய்தியை எழுதக்கூடாதுதான். ஒரு சங்கத்தின் செயலாளர் அந்தச் சங்கத்தின் வேலைநிறுத்தத்தை எழுதக்கூடாதுதான். ஆனால் அதற்கு பீட்டை, அதாவது எழுதும் துறையை, மாற்றினால் போதும். நெல்சனின் பீட் கல்வி. பள்ளிக்கூடச் செய்தியிலிருந்து அவரை எடுத்ததற்கு வாசகர் நம்பிக்கை என்பதைத் தவிர வேறு காரணம் சொல்லப்படவில்லை. வாசகர் நம்பிக்கை என்று சொல்லிவிட்டால் மறுபேச்சே கிடையாது, அளந்து காட்டச் சொல்லி யாரும் கேட்பதில்லை.

பிரான்சில் வேறு மாதிரி யோசித்தார்கள். 1935-இல் எமில் பிராஷார் என்ற பத்திரிகையாளர்–எம்.பி. கொண்டுவந்த சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. பத்திரிகை கைமாறினாலோ அதன் அரசியல் போக்கு அடியோடு மாறி ஊழியரின் மனச்சாட்சிக்கும் கௌரவத்துக்கும் இடிக்கிறது என்றாலோ, அவர் தானாக வெளியேறலாம். நிறுவனம் நீக்கியதாகக் கருதி இழப்பீடு கொடுக்க வேண்டும். சும்மா ஏட்டுச் சுரைக்காய் இல்லை. 2016-இல் வின்சென்ட் பொலொரே கட்டுப்பாட்டிலிருந்த ஐ–டெலே சேனலில் 31 நாள் வேலைநிறுத்தம் நடந்து, அதன் பிறகு நூறு பேர் அளவுக்கு வெளியேறினார்கள். 2023-இல் ஞாயிறு இதழான ‘ஜேடிடி’க்குத் தீவிர வலதுசாரிச் சார்புள்ள ஆசிரியரை நியமித்தபோது 40 நாள் நிறுத்தம். கடைசியில் ஆசிரியர் வந்தார், ஊழியர்கள் போனார்கள். முதலாளியைச் சட்டம் தடுக்கவில்லை. கையில் பணத்தோடு கதவைத் திறந்துவிட்டது, அவ்வளவுதான். வாடகை கட்டும் ஊழியருக்கு அதுவே பெரிது.

நம் ஊரிலும் இதற்குச் சொந்தக்காரச் சட்டம் ஒன்று இருந்தது என்பது பல பேருக்குத் தெரியாது. 1955-இன் உழைக்கும் பத்திரிகையாளர் சட்டம். ஆசிரியரை நீக்க ஆறு மாத நோட்டீஸ், மற்றப் பத்திரிகையாளருக்கு மூன்று மாதம் என்று அது சொன்னது. மூன்று வருட சர்வீஸுக்குப் பின் எந்தக் காரணத்தால் ராஜினாமா செய்தாலும் பணிக்கொடை என்றும் ஒரு பிரிவு இருந்தது. 1958-இல் எக்ஸ்பிரஸ் நியூஸ்பேப்பர்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவை அடித்துவிட்டது. 1962-இல் திருத்தி எழுதியபோது, சும்மா ராஜினாமா செய்தால் பத்து வருடம் வேண்டும், மனச்சாட்சியின் காரணமாக ராஜினாமா செய்தால் மூன்று வருடம் போதும் என்று போட்டார்கள். மனச்சாட்சி என்பது இந்தியத் தொழிலாளர் சட்டத்தில் ஏறியிருந்தது! நான் டெஸ்க்கில் இருந்த காலத்தில் இதை யாரும் சொல்லித் தரவில்லை. அதைச் சொல்லிப் பணிக்கொடை வாங்கிய ஒருவரையும் நான் சந்தித்ததில்லை. ஒப்பந்த வேலை வந்த பிறகு மூன்று வருடம் தொடர்ச்சியாக ஒரே இடத்தில் இருப்பதே பெரும்பாடு. தவிர அந்தச் சட்டம் செய்தித்தாளுக்கானது, தொலைக்காட்சியைத் தொடவே இல்லை.

2020 ஜூலையில் யூடியூபில் ஒருவர் தமிழ்ச் செய்தித் தொலைக்காட்சி ஊழியர்களின் பெயரையும் பதிவுகளையும் அடுக்கி, இவர்களெல்லாம் இன்ன சித்தாந்தக்காரர்கள் என்று வீடியோ போட, அடுத்த சில வாரத்தில் சிலர் வேலையை விட்டு வெளியே வந்தது நினைவிருக்கும். அப்போதும் எந்தச் செய்தி என்று கேட்ட குரல் அதிகமில்லை. எந்த ஆள், எந்தக் கூட்டத்துக்குப் போனார், யாரோடு படம் எடுத்தார் என்பதிலேயே பேச்சு முடிந்துவிட்டது.

போன மாதம் ஒரு தங்கை செய்தி சேனலில் சேரப் போவதாகச் சொல்லி நியமனக் கடிதத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். “அண்ணா, கையெழுத்துப் போடலாமா, பாருங்க.” சம்பளம், ஷிஃப்ட், நோட்டீஸ் எல்லாம் வழக்கம்போல. நடுவில் ஒரு பிரிவு: நிறுவனத்தின் நடுநிலைக்கோ நற்பெயருக்கோ பங்கம் வரும் எந்தக் கருத்தையும் எந்தத் தளத்திலும், சேர்வதற்கு முன்போ பின்போ, வெளியிட்டிருந்தால் முன்னறிவிப்பின்றி நீக்கலாம். “முன்போ” என்பதைப் பார்த்ததும் எனக்கு வைல்டர்தான் நினைவுக்கு வந்தார். எச்ஆரிடம் மூன்று விஷயம் கேள் என்றேன். பங்கம் வந்ததா என்று யார் முடிவு செய்வார்கள்? நீக்குவதற்கு முன் என்னிடம் விளக்கம் கேட்பார்களா? எந்தப் பதிவு என்று எழுத்தில் தருவார்களா?

கேட்டிருக்கிறாள். “இது ஸ்டாண்டர்ட் ஃபார்மேட் மேடம், இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை” என்றார்களாம். அடுத்த திங்கட்கிழமை கையெழுத்துப் போட்டுச் சேர்ந்துவிட்டாள். நான் தடுக்கவில்லை. ஆனால் தன் பழைய ஃபேஸ்புக் பதிவுகளை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருப்பதாக அவள் சொன்னபோது, அழிக்கும் முன் எல்லாவற்றையும் டவுன்லோடு செய்து தேதியோடு வைத்துக்கொள் என்று மட்டும் சொன்னேன். நாளைக்கு யாராவது பாதி ஸ்கிரீன்ஷாட்டோடு வந்து நின்றால், மீதிப் பாதி அவள் கையில் இருக்க வேண்டுமே.